சிறுவர்க்கு எழுதிய திரைக்கலைஞர்: சத்யஜித் ரேயின் எழுத்துலகும் மன்னார்க் கரையும்

சத்யஜித் ரே (1921–1992) என்னும் பெயர் நம் மாணவரிடையே பெரும்பாலும் திரைப்படத்தோடு மட்டுமே இணைத்துப் பேசப்படுகின்றது. 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' உலகத் திரைப்பட அரங்கில் இந்தியாவுக்கு ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது என்பது யாவரும் ஒப்பிய உண்மையே. ஆயின் வங்காளத்திற் பள்ளிப் பருவத்தைக் கழித்த ஒருவரிடம் ரேயைப் பற்றி வினவினால், அவர் ஒரு துப்பறிவாளரின் பெயரையோ ஒரு விஞ்ஞானியின் பெயரையோதான் முதலிற் கூறக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, திரைப்படப் பணிக்கு நடுவே, சிறுவர்க்கும் இளைஞர்க்கும் கதை எழுதியவர் ரே. அவருடைய எழுத்துப் பணி, திரைப்படக் கலைஞர் ஒருவரின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று. மூன்று தலைமுறைகளாக வளர்ந்து வந்த ஓர் இலக்கிய மரபின் தொடர்ச்சி என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வங்கச் சிறுவர் இலக்கியத்தை மன்னார்க் கரையிலிருந்து நோக்குவதற்கு ஒரு நியாயம் உண்டு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டுத் தொடரை இராமாயணக் கதையோடு இணைத்து 'இராமர் அணை' என்பது மரபு. சத்யஜித் ரேயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி இராமாயணத்தைச் சிறுவர்க்கென எளிய வங்க உரைநடையில் எழுதியவர். தந்தையார் சுகுமார் ரேயோ இலங்கைப் போர்க்களத்தை நகைச்சுவை நாடகமாக்கி, 'இலக்குவனின் சக்திசேல்' என்னும் பொருள்படும் நாடகத்தை இயற்றியவர். எனவே இக்கடலும் இக்கரையும் வங்கச் சிறுவரின் கற்பனைக்குள் ரே குடும்பத்தாரின் நூல்கள் வழியாக முன்னரே புகுந்துவிட்டன. இக்கரையிற் பிறந்த நம் சிறுவரின் கற்பனைக்குள் இக்கரை எவ்வளவு புகுந்துள்ளது என்னும் வினாவை மனத்திற் கொண்டு ரேயின் எழுத்தை நோக்குவது பயனுடையதாகும்.

ஒரு குடும்பமும் ஓர் அச்சகமும்

உபேந்திரகிஷோர் (1863–1915) இன்றைய வங்காளதேசத்தின் மைமன்சிங் பகுதியிற் பிறந்தவர். பிரம சமாஜச் சீர்திருத்தச் சூழலிற் பங்குகொண்டவர். எழுத்தாளர், ஓவியர், இசையறிஞர் என்று பல துறையினும் ஈடுபட்ட இவர், அச்சுக்கலையிலும் ஆராய்ச்சியாளராக விளங்கினார். தாம் வரைந்த படங்கள் நூலில் அச்சாகும்போது சிதைந்து போவதைப் பொறாது, புள்ளிச்சாயல் அச்சுக்கட்டை முறையைத் தாமே பயின்று, 1895இல் கல்கத்தாவில் ஒரு நிறுவனத்தை நிறுவினார். அதுவே பின்னர் 'யு. ரே அண்ட் சன்ஸ்' என வழங்கியது. அச்சுமுறை பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் இங்கிலாந்தின் துறைசார் ஆண்டிதழ் ஒன்றில் வெளிவந்தன. சிறுவர் நூலுக்கு நல்ல படம் வேண்டும் என்ற ஒரு தேவையே இந்த ஆராய்ச்சிக்கு உந்துதலாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

1913இல் உபேந்திரகிஷோர் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். வங்க மொழியில் அச்சொல் 'செய்தி' என்றும் பொருள்படும். எல்லோரும் விரும்பும் ஓர் இனிப்புப் பண்டத்தையும் குறிக்கும். அறிவும் சுவையும் பிரியாதிருத்தல் வேண்டும் என்ற கொள்கையை இதழின் பெயரே உணர்த்தி நின்றது. இவ்விதழிலேதான் பாடகன் கூப்பியும் மத்தளக்காரன் பாகாவும் ஆவிகளிடம் வரம் பெறும் கதை வெளிவந்தது. அரைநூற்றாண்டின் பின் பேரனார் அதனையே திரைப்படமாக்கினார்.

உபேந்திரகிஷோர் 1915இல் மறைந்த பின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற சுகுமார் ரே (1887–1923), இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்று திரும்பியவர். பொருளற்றன போலத் தோன்றிப் பொருளுள்ளவற்றையே எள்ளி நகையாடும் விநோதப் பாடல்களில் அவர் ஈடிணையற்றவர். கலப்பு விலங்குகளும் விசித்திர அதிகாரிகளும் நிறைந்த அவருடைய பாடற்றொகுதியான 'ஆபோல் தாபோல்' 1923 செப்டெம்பரில், அவர் மறைந்து சில நாட்களின் பின்னரே நூலாக வெளிவந்தது. அப்போது சத்யஜித்துக்கு வயது இரண்டரை. சில ஆண்டுகளில் அச்சகம் கடனில் மூழ்கிக் கைமாறிற்று, இதழும் நின்றது. தாயார் சுப்ரபா மகனோடு தம் உடன்பிறந்தார் இல்லத்திற் குடியேறினார். 1930களின் தொடக்கத்திற் சிறிது காலம் உயிர்பெற்ற 'சந்தேஷ்' மீண்டும் மறைந்தது.

ஆகவே தந்தையை நேரில் அறியாத ஒரு சிறுவன் அவரை அச்செழுத்தின் வழியாகவே அறிந்து வளர்ந்தான். அச்சகத்தில் அலைந்து திரிந்த தம் இளமை நாட்களை, 'நான் சிறுவனாய் இருந்தபோது' என்னும் பொருள்படத் தலைப்பிட்ட நினைவு நூலில் ரே பதிவு செய்துள்ளார். அது 1982இல் நூலுருப் பெற்றது. அந்நூலும் சிறுவர்க்கென எழுதப்பட்டதே.

இதழின் மறுபிறப்பு

பிரெசிடென்சிக் கல்லூரியிற் பொருளியல் கற்று, சாந்திநிகேதனில் நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் பயின்ற ரே, 1943இல் ஒரு பிரித்தானிய விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். அக்காலத்திற் சிக்னெட் பிரஸ் என்னும் பதிப்பகத்துக்கு அட்டைப் படங்கள் வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சிறுவர்க்காகச் சுருக்கி வெளியிட அப்பதிப்பகம் முனைந்தபோது, அதற்குப் படம் வரையும் பணி இவரிடம் வந்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற திரைப்படத்தின் வித்து, ஒரு சிறுவர் பதிப்புக்கு வரைந்த ஓவியங்களில் இருந்தது எனலாம். திரைக்கலையும் சிறுவர் நூலும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று வளர்த்த துறைகளாகும்.

1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்தியாயரோடு இணைந்து ரே 'சந்தேஷ்' இதழை மீண்டும் வெளிக்கொணர்ந்தார். பின்னர் எழுத்தாளர் லீலா மஜும்தாரும் நளினி தாஸும் ஆசிரியர் குழுவில் இணைந்தனர். இருவரும் ரேயின் உறவினர். இதழை நடத்துவதற்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. அட்டை, எழுத்துரு, உள்ளோவியம் எனப் பலவற்றையும் ரே தாமே கவனித்தார். சிறுவர் தம் கைப்பட எழுதியவற்றை வெளியிடுவதற்கு ஒரு பகுதியும், பறவை, பூச்சி, மரம் ஆகியவற்றைக் கண்ணாற் கண்டு எழுதுவதற்கு ஒரு பகுதியும் இதழில் இடம்பெற்றன.

அதற்கு முன் ரே எழுதிய புனைகதை மிகச் சிலவே. 1940களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிய இரு சிறுகதைகள் கல்கத்தா நாளேடு ஒன்றில் வெளியாயின. அவை தவிர, நாற்பது வயது வரை அவர் கதாசிரியராக அறியப்பட்டிலர். இதழ் ஒன்று தொடங்கியதால், அதன் பக்கங்களை நிரப்ப வேண்டிய கடமையால், அவர் எழுத்தாளரானார். எட்வர்ட் லியரின் நகைச்சுவைப் பாடல்களை வங்கத்திற் பெயர்த்தார். பின்னர் கதைகள் எழுதினார். இலக்கிய வரலாற்று மாணவர் இதனை அவதானித்தல் வேண்டும். ஆற்றலுள்ள எழுத்தாளர் தோன்றிய பின்னரே இதழ் தோன்றும் என்று நாம் எண்ணுகின்றோம். பல சந்தர்ப்பங்களில் இதழே எழுத்தாளரைத் தோற்றுவிக்கின்றது.

பேராசிரியர் ஷோங்கு

மறுபிறப்பெய்திய 'சந்தேஷில்' 1961இல் வெளிவந்த 'வியோம யாத்திரிகனின் நாட்குறிப்பு' என்னும் கதையோடு பேராசிரியர் திரிலோகேஷ்வர் ஷோங்கு அறிமுகமாகின்றார். சுந்தரவனத்தில் எரிகல் விழுந்த குழியில் ஒரு நாட்குறிப்புப் புத்தகம் கிடைக்கின்றது. அதன் மை அடிக்கடி நிறம் மாறுகின்றது. தாள் தீயில் எரிவதில்லை. உள்ளே ஷோங்குவின் செவ்வாய்ப் பயணம் எழுதப்பட்டுள்ளது. கதையின் முடிவில், தீயும் தீண்டாத அப்புத்தகத்தைச் சிற்றெறும்புகள் தின்று தீர்த்துவிடுகின்றன. இம்முடிவிற் சுகுமார் ரேயின் நகைச்சுவை மரபு தெளிவாகப் புலப்படுகின்றது.

தொடக்கக் கதைகளில் ஷோங்கு ஏறக்குறைய ஒரு கேலிப் பாத்திரமே. கிரிடி என்னும் சிறிய ஊரில், நியூட்டன் என்ற பூனையோடும் பிரகலாதன் என்ற பணியாளோடும் விதுசேகர் என்ற இயந்திர மனிதனோடும் வாழும் ஒரு விசித்திர மனிதர். காலப்போக்கில் எள்ளல் குறைந்து, உலக அறிஞரோடு சமமாகப் பழகும் ஒரு பண்பாளராக அவர் வளர்கின்றார். எகிப்து, திபெத்து, ஜேர்மனி, யப்பான் என அவருடைய பயணங்கள் விரிகின்றன. 38 முழுமையான கதைகளும் முற்றுப்பெறாத இரண்டும் எஞ்சியுள்ளன.

இக்கதைகளின் விஞ்ஞானம் பாடநூல் விஞ்ஞானமன்று. ஷோங்குவின் மருந்தும் கருவியும் எவ்வாறு இயங்குகின்றன என்று நாம் ஆராய்வதில்லை. அறிவு யாருக்குரியது, எதற்குரியது என்னும் வினாவே கதைதோறும் எழுகின்றது. ஷோங்குவின் எதிரிகள் பெரும்பாலும் கற்றவர்கள்; புகழாசையாலும் பேராசையாலும் கெட்டவர்கள். 1990இல் எழுதப்பட்ட 'சுவர்ணபர்ணி' என்னும் கதையில் இவ்வினா வரலாற்றோடு நேரே மோதுகின்றது. எந்நோயையும் தீர்க்கும் மூலிகையைக் கண்டறிந்த இளம் ஷோங்கு, நாசி ஆட்சிக்குட்பட்ட பெர்லின் நகரில் யூத இனத்தவரான இந்தியவியல் அறிஞர் ஒருவரைக் காக்கச் செல்கின்றார்; ஆட்சியாளரோ அம்மருந்தைத் தமக்கெனப் பறிக்க முயல்கின்றனர். இன ஒடுக்குமுறை என்னும் கனத்த பொருளைச் சிறுவர் கதைக்குள், அச்சமூட்டாமலும் மழுப்பாமலும், கொண்டுவர இயலும் என்பதற்கு இக்கதை சான்றாகும்.

ஃபெலூடாவும் ஊர்களும்

1965இன் இறுதியில் 'சந்தேஷில்' தொடங்கிய ஒரு டார்ஜீலிங் கதையிற் பிரதோஷ் மித்தர் என்னும் இளைஞர் தோன்றினார். 'ஃபெலூ' என்பது அவருடைய வீட்டுப் பெயர். 'தா' என்பது அண்ணன் என்னும் பொருள்தரும் விகுதி. வங்க வழக்கில் 'ஃபெலுதா' எனப்படும் அவர் தமிழில் 'ஃபெலூடா' என்றே அறியப்படுகின்றார். கதையைச் சொல்பவன் அவருடைய ஒன்றுவிட்ட தம்பியான தோப்ஷே என்னும் சிறுவன். ஷெர்லக் ஹோம்ஸ், வாட்சன் இணையின் சாயல் இதில் உண்டென்பதை ரே மறைத்ததில்லை. ஆயின் கதைசொல்லியைச் சிறுவனாக்கியதனால் நோக்குநிலை முற்றாக மாறிவிட்டது. வாசகனுக்கு எது புதிதோ அது தோப்ஷேக்கும் புதிது. அவன் கேட்கும் கேள்வியே வாசகனின் கேள்வி. இதனால் ஆசிரியர் போதகராக மாறாமலே அறிவைக் கதைக்குள் ஊடுருவ விடுகின்றார். பின்னர் 'ஜடாயு' என்ற புனைபெயரில் மலிவான சாகசக் கதைகள் எழுதும் லால்மோகன் கங்கூலி இவர்களோடு சேர்கின்றார். அவருடைய நூல்களில் மலியும் தகவற் பிழைகளை ஃபெலூடா திருத்துவது, வெகுசன எழுத்தின் பொறுப்பின்மை பற்றிய மென்மையான விமரிசனமாகவும் அமைகின்றது.

ஃபெலூடா கதைகள் 35 முழுமையுற்றன. அவற்றின் தனித்தன்மை, குற்றத்தைக் காட்டிலும் களத்திலேயே தங்கியுள்ளது என்பது என் துணிபு. 'பாதுஷாவின் மோதிரம்' எனப் பொருள்படும் கதை இலக்னோவின் இமாம்பாராவிலும் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் சிதைவுகளிடையேயும் நடைபெறுகின்றது. 1973இல் எழுதப்பட்ட கைலாசக் கதை, புவனேசுவரக் கோயிலிலிருந்து திருடப்பட்ட ஓர் யட்சி சிலையின் தலையைத் தேடி எல்லோராக் குகைவரை செல்கின்றது; பழம்பொருட்களை அயல்நாட்டாருக்கு விற்போரே அங்கு குற்றவாளிகள். 1977இல் வெளிவந்த மற்றொரு கதை கல்கத்தாவின் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்திற் புதையுண்ட ஒரு கடிகாரத்தைப் பற்றியது. பனாரஸ், பூரி, காத்மண்டு, இலண்டன் என்று விரிந்து, 'நயன் ரகசியம்' என்ற பிற்காலக் கதையிற் சென்னையும் மாமல்லபுரமும் களமாகின்றன.

இவற்றுட் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது 1971இல் எழுதப்பட்ட 'சோனார் கேல்லா', அதாவது தங்கக் கோட்டை. முற்பிறவியில் தான் வாழ்ந்ததாக ஒரு சிறுவன் கூறும் தங்கக் கோட்டையையும் புதையலையும் நாடித் தீயோர் அவனைக் கடத்துகின்றனர். கதை இராசஸ்தான் பாலைவனத்தின் ஜெய்சல்மேர் கோட்டையில் முடிவடைகின்றது. மஞ்சள் நிறக் கல்லாற் கட்டப்பட்ட அக்கோட்டை வெயிலிற் பொன்னாக மின்னுவதே 'தங்கக் கோட்டை'யின் பொருள். 1974இல் ரே இதனைத் திரைப்படமாக்கினார். அதன் பின் வங்காளிகள் அக்கோட்டையை நாடிப் பெருவாரியாகச் செல்லத் தொடங்கினர்; 'சோனார் கேல்லா' என்ற பெயரே அதற்கு வழங்கலாயிற்று. எல்லைப்புறத்திற் கிடந்த ஒரு கோட்டைக்குச் சிறுவர் கதையொன்று புதுவாழ்வு தந்தது. இலக்கியத்துக்கும் இடத்துக்கும் உள்ள உறவை ஆராய்வோர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

பாங்கு பாபுவும் இலங்கைத் தொடர்பும்

ரேயின் சிறுகதைகள் வேறொரு வகையின. அவற்றின் மாந்தர் பெரும்பாலும் தனியர், சிறிய வருவாயினர், பிறரால் ஏளனஞ் செய்யப்படுவோர். ஐம்பது வயது கடந்த பட்டல் பாபுவுக்குத் திரைப்படத்தில் ஒரு சிறு வேடம் கிடைக்கின்றது. அவர் சொல்ல வேண்டியது 'ஆ' என்ற ஒரே ஒலி. முதலில் மனமுடைந்த அவர், அவ்வோரொலியை எத்தனை வகையாக ஒலிக்கலாம் என்று சிந்தித்து, நிறைவாக நடித்து முடித்து, ஊதியத்தையும் பெறாமலே சென்றுவிடுகின்றார். தொழிலின் மேன்மை பற்றி இளைஞர்க்கு இதனைக் காட்டிலும் நயமாகக் கூற இயலாது.

1962இல் எழுதிய 'பாங்கு பாபுவின் நண்பன்' கிராமத்துப் பள்ளியில் புவியியல் கற்பிக்கும் ஒரு சாதுவான ஆசிரியரைப் பற்றியது. ஊர்ப் பெரியவர்களின் கூட்டத்தில் அவர் நாள்தோறும் கேலிக்குள்ளாகின்றார். ஒரு நாள் மாலை வேற்றுக் கிரகவாசி ஒருவரைச் சந்திக்கின்றார். வாழ்நாள் முழுதும் வரைபடத்தில் மட்டுமே கண்ட வடதுருவத்தையும் பிரேசிற் காட்டையும் அவ்விருந்தினர் அவருக்குக் காட்டுகின்றார். அளவுக்கு மீறிய பணிவும் ஒரு குறையே என்றும் உணர்த்துகின்றார். அன்றிரவே பாங்கு பாபு தலைநிமிர்ந்து கூட்டத்தினுட் புகுந்து, தம் மனத்திலிருந்தவற்றைச் சொல்லித் திரும்புகின்றார்.

இக்கதையிலிருந்து கிளைத்ததே 'ஏலியன்' என்னும் திரைக்கதை; அதன் வரலாற்றில் இலங்கைக்கும் பங்குண்டு. இலங்கையிற் குடியேறிய விஞ்ஞானப் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க்கிடம் ரே தம் எண்ணத்தைக் கூறினார். கிளார்க்கின் கடலாய்வுத் தோழரும், 'ரன்முத்து தூவ' (1962) என்ற சிங்கள வண்ணப் படத்தை எடுத்தவருமான மைக் வில்சன் அதனைத் தயாரிக்க முன்வந்தார். 1967இல் திரைக்கதை எழுதப்பட்டது. ஹொலிவூட் நிறுவனமொன்றும் ஆர்வங் காட்டிற்று. பீற்றர் செல்லர்ஸ் நடிப்பதாகவும் பேசப்பட்டது. ஆயின் உரிமைப் பத்திரத்தில் வில்சன் தம் பெயரையும் இணையாசிரியராகச் சேர்த்துக் கொண்டமை போன்ற சிக்கல்களால் முயற்சி கைவிடப்பட்டது. இந்த அனுபவத்தை ரே 1980இல் ஒரு நெடிய கட்டுரையாக எழுதினார். படம் எடுக்கப்படவில்லை, கதை வாழ்கின்றது. கோடிப் பணம் வேண்டிய துறையில் தோற்ற ஒரு கற்பனை, சில பக்கங்களே கொண்ட சிறுவர் கதையில் நிலைபெற்றுவிட்டது.

குறைபாடுகள்

புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் ஆராய்ச்சியாகாது. ரேயின் சிறுவர் உலகிற் பெண்கள் இல்லையென்றே சொல்லலாம். ஃபெலூடா கதைகளிலும் ஷோங்கு கதைகளிலும் நினைவில் நிற்கும் பெண் பாத்திரம் அரிது. திரைப்படங்களிற் சாருலதா போன்ற பெண்களைப் படைத்த ஒருவரிடம் இக்குறை வியப்பூட்டுவதாகும். சிறுவர் படிக்கும் குற்றக் கதையிற் காதலும் பொறாமையும் விலக்கப்பட வேண்டியவை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆயின் சிறுமியை வாசகராக ஏற்ற இதழ், அவளைக் கதைமாந்தராக ஏற்கத் தயங்கியது ஏன் என்ற கேள்வி எஞ்சியே நிற்கின்றது.

இரண்டாவது, வர்க்க நோக்கு. ஃபெலூடாவின் உலகம் கல்கத்தாவின் கற்ற நடுத்தர வர்க்கத்தின் உலகம். பழைய சமீந்தார் மாளிகைகளும் அரும்பொருட் சேகரிப்பாளரும் அதிற் பெருமளவு இடம்பெறுகின்றனர். பணியாளரும் உழைப்பாளரும் ஓரத்தில் நிற்கின்றனர். 1970 முதலாக 'தேஷ்' வார இதழின் பூசைமலருக்கு ஆண்டுதோறும் ஒரு ஃபெலூடா கதை எழுத வேண்டிய நிலையும் ஏற்பட்டது. பிற்காலக் கதைகள் சிலவற்றில் தென்படும் தளர்ச்சிக்கு இவ்வவசரமும் ஒரு காரணமாகலாம். ஆயினும் பட்டல் பாபுவும் பாங்கு பாபுவும் அவருடைய பரிவு எத்திசையிற் சென்றது என்பதைக் காட்டி நிற்கின்றனர்.

மன்னார்க் கரை நோக்கி

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1989இல் ரே எழுதிய ஃபெலூடா கதையொன்று அரிய இளஞ்சிவப்பு முத்து ஒன்றைப் பற்றியது. அம்முத்தைக் கவரப் போட்டியிடும் செல்வரே அதன் கதைமாந்தர். அக்கதையைப் படிக்கும் மன்னார் மாணவர்க்குத் தம் கரையின் நினைவு எழுதல் இயல்பு. சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் நடைபெற்ற முத்துச் சலாபத்தைப் பற்றிப் பிறர் எழுதியவை பல. பிரெஞ்சு இசைவாணர் பிசே 1863இல் இலங்கை முத்துக்குளிப்போரை வைத்து ஓர் இசைநாடகம் அமைத்தார். 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் அதிகாரியாகப் பணிபுரிந்த லெனார்ட் வூல்ஃப், அவ்வனுபவத்தை ஒரு சிறுகதையாக்கினார். சுழியோடிகளின் வழித்தோன்றல்களான சிறுவர்க்கு, அவர்களுடைய மொழியில், மூச்சடக்கி முத்துப்பாரில் இறங்கிய ஒரு சிறுவனின் கண்கொண்டு சொல்லப்படும் கதைகள் பெருகியிருக்க வேண்டும். அவ்வளம் இன்னும் நம்மிடம் உருவாகவில்லை.

முத்து மட்டுமன்று. 1560இற் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மன்னார்க் கோட்டை கடலோரத்தில் நிற்கின்றது. பள்ளிமுனையிற் பருத்த பெருக்கமரம், அராபிய வணிகரோடு வந்ததென்ற நம்பிக்கையைத் தாங்கி நிற்கின்றது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தின் அயலில், மாந்தைத் துறைமுகத்தில் 1980களின் தொடக்கத்தில் நிகழ்ந்த அகழ்வு சீனப் பாண்டங்களையும் இசுலாமிய உலகின் பாண்டங்களையும் வெளிப்படுத்திற்று. போர்ச் சூழலால் அது தடைப்பட, அதன் அறிக்கை 2013இலேயே ஆங்கில நூலாக வெளிவந்தது. 19ஆம் நூற்றாண்டில் இக்கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நடந்து சென்ற தமிழகத் தொழிலாளரின் பாதையும் இங்கேயே தொடங்குகின்றது. 1914 முதல் தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் இணைத்த கப்பற் சேவை 1964 டிசெம்பர்ப் புயலோடு துறை மாறி, 1984இல் முற்றாக நின்றது. இவை ஒவ்வொன்றும் ஒரு 'சோனார் கேல்லா'வுக்குரிய களமாகும்.

இவ்விடத்து ஒரு காலக்குறிப்பு இன்றியமையாதது. 1990இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை துண்டிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்களும் ஊரிழந்தன. இந்துக்களும் கத்தோலிக்கரும் பலமுறை இடம்பெயர்ந்தனர். புகையிரதம் 2015இல் மீண்டது. மக்களுட் பலரும் மீண்டனர். ஆயின் முகாம்களிலும் பிற மாவட்டங்களிலும் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தன் ஊர் பெற்றோர் வாய்மொழியாக மட்டுமே கிட்டிற்று. அச்சகத்தையும் இல்லத்தையும் இழந்த பின் தந்தையை நூல்களின் வழியே கண்டடைந்த ரேயின் இளமை இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. இழந்ததை மீட்கச் சிறுவர்க்கு நூல் வேண்டும். அந்நூல் மூன்று சமயத்தாரின் பிள்ளைகளும் தம்மைக் காணத்தக்கதாதல் வேண்டும்.

நமக்கு மரபு இல்லையென்று கூறுதல் பொருந்தாது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடிச் சிறுவர் பாடலில் ஈழத்து மண்ணை நிறுத்தினார். தமிழகத்தில் அழ. வள்ளியப்பா பாடலாலும் இதழியலாலும் தொண்டாற்றினார். பெ. தூரன் குழந்தைகளுக்கெனக் கலைக்களஞ்சியத்தையே உருவாக்கினார். தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகளை நம் முன்னைய தலைமுறை விரும்பிப் படித்தது. மட்டக்களப்பில் மாஸ்டர் சிவலிங்கம் கதைசொல்லலைக் கலையாக வளர்த்தார். ஆயினும், பேரெழுத்தாளரும் ஓவியரும் ஆசிரியரும் ஒன்றுகூடித் தலைமுறைகளாகக் காத்த ஒரு சிறுவர் இதழ் நம் நாட்டுத் தமிழில் நிலைபெறவில்லை. சிறுவர்க்கு எழுதுவது இரண்டாந்தரப் பணி என்னும் எண்ணம் நம் விமரிசனத்திலும் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் வேரூன்றியிருப்பதும் இதற்கொரு காரணமாகும். உலகம் போற்றிய நெறியாளர் ஒருவர், 'சாருலதா'வை (1964) எடுத்த அதே ஆண்டுகளிற் சிறுவர் இதழுக்குப் படம் வரைந்தும் கதை எழுதியும் வந்தார் என்ற உண்மை இவ்வெண்ணத்தைத் தகர்க்கப் போதியது.

ரேயின் கதைகள் இன்று தமிழிலும் கிடைக்கின்றன; வீ. பா. கணேசன் மொழிபெயர்த்த ஃபெலூடா நூல்கள் தமிழகத்தில் வெளிவந்துள்ளன. அவற்றைப் பள்ளி நூலகங்களிற் சேர்ப்பது முதற்பணி. ஆனால் மொழிபெயர்ப்போடு நாம் நின்றுவிடலாகாது. வங்கக் கதைகளைப் போலச் செய்து ஒரு மன்னார் ஃபெலூடாவைப் படைப்பதும் நம் நோக்கமன்று. 'சந்தேஷ்' நமக்குக் காட்டும் வழி எளியது: சிறுவர் தாமே எழுத ஓர் இடம், வங்காலைச் சரணாலயத்துப் பறவைகளையும் கரையொதுங்கும் சங்குகளையும் கண்டு குறிக்க ஓர் இடம், ஊரின் பழமையை ஆய்ந்தவர் அதனைச் சிறுவர்க்கு விளங்கும் மொழியிற் சொல்ல ஓர் இடம். இம்மூன்றுக்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. தளராத ஆசிரியர் குழு ஒன்றே வேண்டும். மாந்தை அகழ்வறிக்கையைப் படிக்க வல்ல மாணவரும், கூத்தும் வாய்மொழிக் கதையும் அறிந்த விரிவுரையாளரும் நிறைந்த ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு இப்பணி அப்பாற்பட்டதன்று.

உபேந்திரகிஷோர் நல்ல படம் வேண்டுமென்று அச்சுக்கலையைக் கற்றார். சுகுமார் நோயுற்றிருந்தபோதும் நகைப்பூட்டினார். சத்யஜித் பெற்ற புகழனைத்தையும் மீறிச் சிறுவர் இதழின் ஆசிரியராகவும் இருந்தார். ஒரு சமூகம் தன் வரலாற்றை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் வழிகளுட் கதையே முதன்மையானது. அக்கதையை எழுதும் கடமை கற்றோரைச் சார்ந்தது.